செயலாளர் தின்ற அமெரிக்க தோசை

அந்நிய உணவை ஒழிப்பது என்று முடிவான முதல் கூட்டத்திலேயே நாங்கள் சீஸைத் துறந்தோம். ஓட்ஸைத் துறந்தோம். டின்னில் அடைத்த மீனையும் ஸ்ட்ராபெர்ரி ஜாமையும் துறந்தோம். எங்களில் ஒருவரும் இவற்றில் எதையும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதனால் தியாகம் சுலபமாக இருந்தது. தலைவர் ஒவ்வொரு பண்டமாகப் பெயர் சொல்ல, செயலாளராகிய நான் ‘ஒழிக’ என்றேன். மற்றவர்கள் கை தட்டினார்கள். வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் பாதி ஐரோப்பாவைக் காலி செய்துவிட்டோம். கடைசியில்தான் கோதுமை வந்தது. கைதட்டல் கொஞ்சம் குறைந்தது. கோதுமையை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

பாகிஸ்தான் சண்டை முடிந்த மறு வருஷம் அது. மழையில்லை, அரிசியில்லை. ரேஷனில் அரிசி என்று ஏதோ கொஞ்சம் அளந்துவிட்டு, மீதிக்கு அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமையும் மைதாவும் போட்டார்கள். அமெரிக்காக்காரன் ஒரு கப்பலை அனுப்பிவிட்டு அடுத்த கப்பலுக்கு நம்மைக் கெஞ்ச வைக்கிறான் என்று பேப்பரில் எழுதியிருந்தது. டீக்கடையில் பேப்பரை உரக்கப் படிக்கிற வேலை என்னுடையது. எங்கள் வம்சத்தில் எழுத்துக் கூட்டாமல் படித்த முதல் ஆள் நான். ஆகவே அச்சில் வந்த எதையும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதாகவே எடுத்துக்கொள்வேன். ரத்தம் கொதித்தது. பி.யு.சி. படிக்கிற வயதில் அது எதற்கும் கொதிக்கும். போன வருஷம் இந்திக்குக் கொதித்தது இன்னும் ஆறியிருக்கவில்லை.

தலைவர் என் வகுப்புத்தான். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருந்த முதலாளியின் மகன். தலைமைக்கு வேண்டிய லட்சணங்கள் அவரிடம் இருந்தன: டெரிலின் சட்டை, அப்பாவின் ஸ்கூட்டர், கூட்டம் போடக் கடைக்கு மேலே ஒரு காலி அறை. அவர்கள் வீட்டுக்குத் திருமுக்கூடல் பக்கத்துச் சொந்த நிலத்திலிருந்து நெல் வண்டிவண்டியாக வந்து இறங்கும். கோதுமையை எதிர்க்க அவருக்கு இருந்த துணிச்சலை நான் பிறவிக் குணம் என்றே நம்பினேன். என் அப்பா அவர்கள் கடைக்குத்தான் கூலிக்கு நெய்தார். பட்டும் ஜரிகையும் அவர்களுடையது, தறியும் முதுகும் எங்களுடையது. அதனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாலும் நான் அவரைத் ‘தலைவர்’ என்றுதான் சொல்வேன். அவர் என்னை ‘டேய்’ என்பார்.

அந்நியக் கோதுமைக்குப் பதில் நம் மண்ணின் கேழ்வரகு என்பது எங்கள் கொள்கை. ‘கேழ்வரகு உண்போம், கப்பல் கோதுமையை ஒழிப்போம்’ என்று போஸ்டர்கள் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். என்னைச் செயலாளர் ஆக்கியதற்கு வேறு காரணம் கிடையாது. கேழ்வரகின் சத்தைப் பற்றித் தலைவர் அழகாகப் பேசுவார். அவர் அதைச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் பேசும்போது கண் கலங்கும்.

ஒரு வாளி பசை காய்ச்சி, காமாட்சியம்மன் கோயில் பக்கத்துத் தெருக்களிலெல்லாம் போஸ்டர் ஒட்டிவிட்டு வந்தோம். மறுநாள் பாதிச் சுவர் வெறுமையாக இருந்தது. மறுபடி ஒட்டினோம். மறுபடி காணோம். இதில் அந்நியக் கை இருக்கிறது என்று தலைவர் சந்தேகப்பட்டார். ஒரு காலையில் நானே சுவரோரம் நின்று வேவு பார்த்தேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரருடைய எருமை வந்தது. ‘கேழ்வரகு உண்போம்’ என்பதை இடமிருந்து வலமாக நிதானமாக நக்கித் தின்றது. எங்கள் கொள்கையை இத்தனை முழுமையாக உள்வாங்கிய ஜீவன் அந்த ஊரில் வேறு இல்லை.

முதல் வாரம் பகிஷ்காரம் அமோக வெற்றி. காரணம், எங்கள் தெருவில் ஒருத்திக்கும் கோதுமையைச் சமைக்கத் தெரியாது. அம்மா அதை அரிசி மாதிரி உலையில் போட்டு, வேகும் வேகும் என்று பார்த்தாள். அது வேகாமலே தட்டுக்கு வந்தது. அப்பா, “இத்த துன்னுட்டு தறியில உக்காந்தா வயித்துக்குள்ள இன்னொரு தறி ஓடுதுடா” என்றார். ஏற்கனவே பிடிக்காத ஒன்றை நாட்டுக்காக விடுகிறோம் என்று சொல்லிக்கொள்ள நாங்கள் ஒரு வழி செய்து கொடுத்தோம். ஜனங்களுக்குச் சந்தோஷம். எங்கள் வீட்டில் மூன்று வேளையும் கேழ்வரகுக் களி. ரேஷன் அரிசி வருகிற நாளில் மட்டும் சோறு.

இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டம்மாள் துரோகம் செய்தாள். கோதுமையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பச்சைமிளகாயோடு அரைத்து, வெங்காயம் தூவி தோசை வார்க்கக் கற்றுக்கொண்டாள். அந்த வாசனை சுவர் ஏறிக் குதித்து எங்கள் வீட்டுக் களித்தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தது. அப்பா தலையைத் தூக்கவில்லை. மூக்கு மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது.

சங்கத்தின் சார்பில் நானும் இன்னும் இருவரும் போய்க் கேட்டோம். பக்கத்து வீட்டுக்காரரும் நெசவாளிதான். எனக்கு மாமா முறை. வாயெல்லாம் வெற்றிலை, பேச்செல்லாம் குத்தல்.

“மாமா, அமெரிக்கக் கோதுமை வாங்கியிருக்கிறீங்களா?”

“வாங்கிக்கிறேன்பா. எருமைக்கு.”

“வாசனை அடிக்குதே, மாமா?”

“எருமைக்கு தோசைதான் புடிக்குது. நான் இன்னா பண்ணட்டும்?”

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. புரட்சியின்போது சிரிக்கக் கூடாது என்று எங்கோ படித்திருந்தேன். அன்று சாயங்காலமே தலைவரிடம் ஒரு யோசனை சொன்னேன். என் வாழ்நாளில் எனக்குத் தோன்றிய யோசனைகளில் அதுதான் மிகவும் கெட்டிக்காரத்தனமானது என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் தெருவில் எந்த வீட்டுக்காரனும் தனியாளாகப் பாவு தோய்த்துவிட முடியாது. பாவு என்றால் புடவையின் நீளவாட்டு இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன், அந்த நீளப் பட்டு இழைகளை விடியற்காலையில் தெருவில் இழுத்துக் கட்டுவார்கள். கஞ்சி தெளித்து, பிரஷ் போட்டு, இழையோடு இழை ஒட்டாமல் விரலால் பிரித்துக்கொண்டே போக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் கஞ்சி காய்ந்து, பட்டு கயிறாகிவிடும். அதற்கு நிறையக் கைகள் வேண்டும். கைக்குக் கூலி கிடையாது. இன்று உன் பாவுக்கு நான், நாளைக்கு என் பாவுக்கு நீ. சண்டைக்காரன் வீட்டுப் பாவு என்றாலும் வந்து நிற்பார்கள். பேசாமல் நிற்பார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கையை நிறுத்தச் சொன்னேன். அந்நிய மாவு புழங்கும் வீட்டுப் பாவுக்குத் தெருவில் யாரும் கை கொடுக்கக் கூடாது. எருமைக்கு, கோழிக்கு என்று யாரும் சாக்குச் சொல்லாமலிருக்க, தின்ன வேண்டாம், வாங்கி வைத்திருந்தாலே குற்றம் என்றும் சேர்த்தேன். பிள்ளையார் கோயில் எதிரே கூட்டம் போட்டு, மைக்கில் நானே படித்தேன். சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றோம். முதல் கை என் அப்பாவுடையது. தீர்மானம் அவருக்கு விளங்கியதா தெரியாது. மகன் மைக்கில் எதைப் படித்திருந்தாலும் தூக்கியிருப்பார். அவர் தூக்கியதைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள்.

அந்த வாரமே மாமாவின் பாவு தெருவுக்கு வந்தது. ஒருவரும் போகவில்லை. மாமாவும் அவர் மனைவியும் இரண்டு பெண்களுமாக இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடினார்கள். பாதிப் பாவு ஒட்டிக்கொண்டது. அதை இழையிழையாகப் பிரித்தெடுக்க அவர்களுக்கு வெகுநாள் ஆயிற்று. மாமா யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் சங்க அறிக்கையில் ‘மனமாற்றம்’ என்று எழுதினேன்.

பிறகு எங்கள் வீட்டுப் பாவு வந்தது.

அரக்குச் சிவப்பு. சாதாரணப் புடவைக்கு அல்ல. தலைவருடைய அக்காவின் முகூர்த்தப் புடவைக்கு. கடைக் கணக்குப்பிள்ளை வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்: இந்த வாரம் பாவு தறியில் ஏறவில்லையென்றால் பட்டை எடுத்து வேறு தெருவுக்குக் கொடுத்துவிடுவார்களாம். ஒருமுறை அப்படிக் கைமாறினால் கல்யாண சீசன் முழுக்க எங்கள் தறி சும்மா நிற்கும். தறி நின்றால் என் காலேஜும் நிற்கும். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா மட்டும் அன்றைக்கு என் சட்டையைத் துவைக்கும்போது கொஞ்சம் பலமாகவே அடித்துத் துவைத்தாள்.

விடியற்காலையில் பாவை இழுத்துக் கட்டியாயிற்று. தெருவே வந்து நின்றது. மாமாகூட வந்தார். வெற்றிலையை ஒரு பக்கம் அடக்கிக்கொண்டு தன் இடத்தில் நின்றார். அப்பா கஞ்சியைத் தெளித்துக்கொண்டே வந்தார். பாதித் தூரம் வந்ததும், மாமா நனைந்த இழையில் விரலை வைத்து, தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார்.

“இன்னா மச்சான், கஞ்சி இப்பிடி பசையா இழுக்குது?”

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. “மைதாப்பா. அரிசி வயித்துக்கே பத்தல, பாவுக்கு எங்க போறது? உங்க அக்காதான் காய்ச்சிக் குடுத்தா.”

வாசலிலிருந்து அம்மா பெருமையாகவே சொன்னாள்: “வாயில ஒரு துளி வெக்கலப்பா! சங்கம் சொன்னாப்ல மூணு வேளையும் கேவுரு களிதான் துன்னுக்கினு இருக்கிறோம். வேணும்னா உங்க செகரட்ரியவே கேளு.”

மாமா பாவிலிருந்து கையை எடுத்தார். வேட்டியில் துடைத்தார். மார்பின் மேல் கட்டிக்கொண்டார்.

“செகரட்ரி சார், தீர்மானத்த ஒருவாட்டி படிச்சுக் காட்டுறீங்களா?”

தெரு என்னைப் பார்த்தது. ஒவ்வொரு கையாக இறங்கியது. சிவப்புப் பட்டு நடுவில் தொய்ந்து மண்ணை நோக்கி வந்தது. அப்பா ஓடிப்போய் அடியில் கை கொடுத்துத் தாங்கினார்.

“அது உணவுக்குத்தான், மாமா. இது தொழிலுக்கு” என்றேன்.

“என் எருமை இன்னா சங்கீதமா பாடுது? அதுவும் தொழில்தான்பா பண்ணுது. வாங்கி வெச்சாலே குத்தம்னு மைக்கில சொன்னது யாரு?”

“நாட்டு நலனை உத்தேசிச்சு...”

“இரு, இரு. போஸ்டர் ஒட்டினீங்களே, அது எதுல ஒட்டினீங்க?”

மைதாப் பசைதான். வாளியில் கலக்கியது இந்தக் கைதான்.

“என் எருமை அமெரிக்கா மாவு துன்னுச்சுன்னா அது உன் போஸ்டர்ல துன்னதுதான்டா. அதுக்கும் சேத்து என் பாவு தெருவுல கெடந்து காஞ்சுது.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள், தாங்கிப் பிடித்திருந்த அப்பாவைத் தவிர. அந்த நேரம் பார்த்துத் தலைவரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அக்கா புடவையின் நிறம் பார்க்க வந்தாராம்.

“என்னப்பா இது? முகூர்த்தப் புடவை! பிடிங்கப்பா, பிடிங்க!”

நான் விஷயத்தைச் சொன்னேன். கொள்கை விஷயத்தில் அவருக்கு இருந்த தெளிவை அன்றுதான் முழுமையாகக் கண்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பாவுக் கஞ்சிக்குச் சங்கம் விலக்கு அளிக்கிறது என்று ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே அறிவித்தார். யாரும் அசையவில்லை. எருமைக்கும் விலக்கு என்றார். அப்போதும் அசையவில்லை. ஆத்திரத்தில் அவரே இறங்கிவந்து பாவைப் பிடித்தார். துணிக்கடைக்காரர் பிள்ளை துணியைப் பிடிப்பதுபோல, கொத்தாக, முஷ்டியில். இழைகள் பட்பட்டென்று அறுந்தன.

“அய்யோ, கைய எட்றா!” என்று அப்பா கத்தினார். முதலாளி மகனை அவர் ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை. கடைசியும். தலைவர் டெரிலின் சட்டையெல்லாம் மைதாவாக ஒதுங்கி நின்றார்.

கோபுரத்துக்குப் பின்னாலிருந்து வெயில் எட்டிப் பார்த்தது. நனைந்த பக்கத்தில் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளத் தொடங்கின. அப்பா மாமாவைப் பார்த்தார். கெஞ்சவில்லை. பார்த்தார்.

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வீட்டுப்பக்கம் குரல் கொடுத்தார்: “ஏம்மே, தோசை ஒண்ணு எடுத்தா!” பிறகு என்னைப் பார்த்தார். “செகரட்ரி எங்க வூட்டு தோசைய துன்னட்டும். இங்கயே, எல்லார் எதுருலயும். துன்னாருன்னா கை குடுக்கிறோம். இன்னாப்பா, சரிதான?”

சரிதான் என்றது தெரு. இத்தனை ஒருமனதாக எங்கள் சங்கத்தில் எந்தத் தீர்மானமும் நிறைவேறியதில்லை.

மாமி இலையில் வைத்து நீட்டினாள். ஓரம் முறுகி, நடுவில் வெங்காயம் சிவந்திருந்தது. நான் கையில் வாங்கிக்கொண்டு யோசித்தேன். கொள்கைக்காகச் சிறை போனவர்களை நினைத்தேன். வரலாறு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. வரலாறு எங்கே பார்த்தது, அப்பாதான் பார்த்தார்.

“இன்னாடா யோசிச்சுக்கினு நிக்கிற? மென்னு முழுங்குடா, பாவு காயுது!”

தின்றேன். மூன்று வாரமாகக் களி தின்ற நாக்கு அது. பலிபீடத்தில் நிற்கிறவனைப் போல முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தேன், வாய் ஒத்துழைக்கவில்லை. வெங்காயம் நொறுங்கியது. பச்சைமிளகாய் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் தெரு கொள்கைத் துயரம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

“இன்னொண்ணு வெக்கட்டுமாபா?” என்றாள் மாமி.

“வேணாம், மாமி.”

நான் சொன்ன விதத்தைக் கேட்டுவிட்டு இன்னொன்று வைத்தாள். அதையும் தின்றேன். கேட்டால், சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்பதற்காக.

அதற்குள் மாமாவின் கை பாவில் இருந்தது. எல்லார் கையும் இருந்தது. விரல்கள் இழைகளுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தன. கிழக்குக் கோடியில் ஒரு சாண் அகலம் ஒட்டியிருந்ததை மாமாதான் உட்கார்ந்து பிரித்தார். பிரிக்கும்போதெல்லாம் எனக்குக் கேட்கும்படி ‘ஒழிக’ என்று முணுமுணுத்தார். என்னையும் ஒரு முனையில் பிடிக்க விட்டார்கள். அறுந்த இழைகளை அப்பா ஒவ்வொன்றாக முடிச்சிட்டார். வெயில் உறைப்பதற்குள் பாவு சுருண்டு வீட்டுக்குள் போய்விட்டது. தறியில் ஏறியது. கணக்குப்பிள்ளை வந்து பார்த்து, குறை சொல்ல ஒன்றுமில்லாமல் முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார்.

சங்கத்தின் கடைசிக் கூட்டத்தில் விலக்குகளை வரிசையாக நிறைவேற்றினோம். பாவுக் கஞ்சிக்கு விலக்கு, எருமைக்கு விலக்கு, போஸ்டர் பசைக்கு விலக்கு. பிறகு நோயாளிகள், பால்குடி மறந்த பிள்ளைகள், வெளியூர் விருந்தாளிகள். எல்லாம் போக மிஞ்சியது சீஸும் ஓட்ஸும் டின் மீனும்தான். அவற்றில் நாங்கள் கடைசிவரை உறுதியாக இருந்தோம். தலைவர் வீட்டுக் கல்யாணத்தில் விருந்துக்கு அரிசிச் சோறு போட சர்க்கார் கட்டுப்பாடு இருந்ததால் பூரியும் கோதுமை அல்வாவும் பரிமாறினார்கள். இலை இலையாகக் குனிந்து, “இன்னொண்ணு போட்டுக்குங்க, கூச்சப்படாதீங்க” என்று உபசரித்தவர் தலைவர். மணப்பெண்ணின் புடவையை எல்லாரும் தொட்டுப் பார்த்து, மடிப்பு என்னமாய் விறைப்பாக நிற்கிறது என்றார்கள்.

பாவு தோய்த்த அந்தக் காலைக்கு வருகிறேன். தெரு கலைந்த பிறகு, கிணற்றடியில் அப்பா கையில் ஒட்டிய மைதாவைத் தேங்காய்நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் இறைத்து ஊற்றினேன். திட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். ஊர் முன்னால் அவரை நிறுத்திவைத்தேன், திட்டினால் நியாயம்தான். அவர் வெகுநேரம் தேய்த்தார். அம்மா உள்ளே களி கிண்டுகிற சத்தம் கேட்டது.

“எப்பிடிடா இருந்துது?” என்றார்.

“எது, நைனா?”

“அதான். தோசை.”

“நல்லாத்தான் இருந்துது.”

கையை உதறினார். பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கம் இன்னும் கல்லில் மாவு விழுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

“ரெண்டு குடுத்தாங்க இல்ல?” என்றார். “ரெண்டையும் அங்கியே துன்னுட்டியே. ஒண்ண எடுத்துக்கினு வரக் கூடாது?”